இரண்டு நிமிடம் பத்து விநாடி

அவளுக்கு விசிலக்கா என்று பேர் வந்ததற்கு அவள் வாய்தான் காரணம். மெத்தைத் தொழிற்சாலையின் மாடியில் உறை தைக்கும் கூடம். அவளையும் சேர்த்து நாற்பத்திரண்டு பெண்கள். ஒருநாள் மேலாளர் படியேறி வந்து, "இந்தக் கூடத்துல தீ ஒத்திகைக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கணும்" என்றார். நாற்பத்தொரு பேரும் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் மட்டும், "பொறுப்புன்னா என்ன சார் செய்யணும்?" என்று கேட்டுத் தொலைத்தாள். கேட்டவள் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாள் ஒரு விசில், ஒரு மஞ்சள் மேல்சட்டை, அட்டையில் கிளிப் போட்ட படிவக் கட்டு, எல்லாம் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அவள் வேலை சரிபார்ப்பு. தைத்து வருகிற உறையைக் குழல்விளக்கின் அடியில் விரித்து, தையல் விட்ட இடம் தேடுவாள். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். "இவ கையில மாட்டினா உறை திரும்பி வந்துடும்டீ" என்று தையல்காரிகள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பதினேழு வருஷம் அந்த மேசையில் நின்றாள்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிள்ளை இல்லை. கொழுந்தனார் மனைவியும் அதே வீட்டில்தான் இருந்தாள். அவளைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சின்னவளின் புருஷன், மகளுக்கு மூன்று வயசாக இருக்கும்போது வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவன், போனவன்தான். மகராசன் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. விசிலக்கா கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு, "அழுதது போதும், எழுந்திரு, மூஞ்சியைக் கழுவிட்டு என்கூட வா" என்று சின்னவளைத் தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தாள். ஒரே அடுப்பில் சமையல், ஒரே பேருந்தில் பயணம், ஒரே பிள்ளைக்கு இரண்டு அம்மா. ஓரகத்திகள் இப்படிக் குழைந்துகொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை நம்பவில்லை. உள்ளுக்குள்ளே ஏதோ இருக்கு என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். இருந்த சண்டை ஒன்றே ஒன்று. சின்னவளுக்கு வேகம் அதிகம், விசிலக்காவுக்கு நிதானம் அதிகம். "அக்கா, நீங்க செருப்பு மாட்டி முடிக்கறதுக்குள்ள பஸ்சு அடுத்த ஊருக்குப் போயிடும்" என்பாள் சின்னவள்.

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் செருப்புக் கால் படக்கூடாது. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருக்கும். மெத்தை உறைகளை அதன் மேல்தான் பரப்பி மடிப்பார்கள். ஒரு தூசி பட்டாலும் உறை போச்சு. அதனால் முன்வாசலில், மாடிப்படி ஏறி வந்ததும் இருக்கிற அலமாரியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் எல்லோரும் உள்ளே போவார்கள். சின்னவளின் இயந்திரம் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பின்வாசலை எட்டித் தொடலாம். அந்த வாசலுக்கு வெளியே இரும்புப் படி. தீ என்று வந்தால் எல்லோரும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று சுவரில் படம் வரைந்து, சிவப்பு அம்புக்குறி போட்டு மாட்டியிருந்தார்கள்.

முதல் ஒத்திகையை விசிலக்கா யாருக்கும் சொல்லாமல்தான் வைத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. பகல் பன்னிரண்டு மணி, உச்சி வெயில். மணி அடித்தது. விசில் ஊதினாள். பெண்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். முதல் படியில் கால் வைத்தவள் "ஐயோ!" என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள். தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது இரும்பு. பின்னால் வந்தவர்கள் முட்டி மோதி, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, கடைசியில் பாதிப் பேர் முன்வாசலுக்கு ஓடிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துதான் இறங்கினார்கள். மொத்தம் ஆறே முக்கால் நிமிடம். இரண்டு பேருக்கு உள்ளங்காலில் கொப்புளம்.

விசிலக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டு போய் மேலாளரிடம் நீட்டினாள். "சார், செருப்பு அலமாரியைப் பின்வாசல் பக்கம் மாத்திடுங்க. இல்லன்னா அந்தப் படியில ஏதாவது விரிப்பாவது போடுங்க. வெறுங்காலோட இறங்க முடியாது."

மேலாளர் நல்ல மனுஷன்தான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக விசாரிப்பார். ஆனால் மேலே இருக்கிறவர்களை நினைத்தால் அவருக்குக் கை கால் உதறும். "பின்னாடி அலமாரி வெச்சா, ஆளாளுக்கு அந்த வழியா நழுவிடுவாங்கன்னு முதலாளி நினைப்பாரும்மா. இந்த ஆறே முக்காலை நான் எப்படி மேல அனுப்பறது? என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க." கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்வோம். அடுத்த தடவை முந்தின நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. ஒத்திகைதானே. நிஜமாவே தீயா பிடிச்சிருக்கு?"

அங்கேதான் அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒத்திகை நாளன்று, மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே பெண்கள் வரிசையாக முன்வாசலுக்குப் போவார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். வெள்ளைத் துணியில் பட்டுவிடக் கூடாதே என்று காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு, பரணில் ஏறின கோழிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். "மணியை அடிங்கடீ, தொடை வலிக்குது" என்று ஒருத்தி கத்துவாள். கூடமே சிரிக்கும். மணி அடிக்கும். டக் டக்கென்று இரும்புப் படியில் இறங்கிக் கீழே வரிசையில் நிற்பார்கள். விசிலக்கா பின்வாசலை விட்டு நகரக்கூடாது, ஆளை எண்ண வேண்டும். அதனால் சின்னவள் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, விசிலக்காவின் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து காலடியில் போடுவாள். "மாட்டுங்க மகாராணி" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைதான்.

அப்படி நடந்த முதல் ஒத்திகைக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. விசிலக்கா கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினாள். மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று எழுதுவாள், கையெழுத்துப் போடுவாள். ஆறு ஆறு மாதமாகப் பதினோரு படிவம். ஒரு தையல் விட்டுப்போனதற்கு முழு உறையையும் திருப்பி அனுப்புகிறவள்தான் இவள்! எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவளை மட்டும் எப்படித் திட்டுவது? எழுதியது உறுத்தியதா என்று பின்னாளில் கேட்டதற்கு, "முதல் ரெண்டு மூணு தடவை உறுத்திச்சு, அப்புறம் பழகிடுச்சு" என்றுதான் சொன்னாள்.

நிஜத் தீ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு. கீழ்த்தளத்தில், முன்படிக்கு நேர் கீழே, சூடான கம்பியால் ஃபோம் பாளங்களை அறுக்கும் அறை. கம்பி அறுந்து தெறித்து அடுக்கின் மேல் விழுந்தது. ஃபோம் பற்றினால் எரிவதைவிடப் புகைவதுதான் ஆபத்து. கறுப்பாக, கெட்டியாக, இரண்டு மூச்சு இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும் புகை. அது முன்படி வழியாகத்தான் மேலே ஏறும். மேலே ஏறினால் முதலில் இருப்பது செருப்பு அலமாரி.

மணி அடித்தது. முந்தின நாள் யாரும் சொல்லவில்லை, அதனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விசிலக்கா பின்வாசலைத் திறந்து விசிலை ஊதினாள். முதலில் வந்தவள் படியில் காலை வைத்தாள், சுட்டது, நின்றுவிட்டாள். விசிலக்கா அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "சுட்டா சுடட்டும், இறங்குடீ!" தானும் இரண்டாவது படியில் இறங்கி நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டாள். அவள் உள்ளங்கால் தோல் அங்கேயே உரிந்தது. அப்போது அது அவளுக்குத் தெரியவில்லை.

ஏழெட்டுப் பேர் முன்வாசல் பக்கம் திரும்பினார்கள். பதினோரு தடவை பழகின கால், இரும்புப் படியில் இறங்க வேண்டும் என்றால் முதலில் செருப்பைத் தேடித்தான் போகும். கூடத்தின் பாதியில் புகை நாற்றம் மூக்கில் ஏற, "செருப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று திரும்பி ஓடி வந்தார்கள். சின்னவள் திரும்பவில்லை. அவள் வேகக்காரி, மற்றவர்கள் பாதிக்கு வருவதற்குள் அவள் அலமாரிக்கே போய்விட்டாள்.

விசிலக்கா அவள் போவதைப் பார்த்தாள். இதுதான் அவளால் கடைசிவரை விழுங்க முடியாத விஷயம். பின்வாசலிலிருந்து மூன்றடி தூரத்தில் இயந்திரத்தை விட்டு எழுந்தவள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்பக்கமாக ஓடுவதைத் தன் கண்ணால் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவே இல்லை. பதினோரு தடவையும் அப்படித்தானே போனாள், போனால் வந்துவிடுவாள் என்று மனசு பாட்டுக்கு நினைத்துக்கொண்டது.

கீழே வரிசையில் நிற்க வைத்து எண்ணினாள். தன்னையும் சேர்த்து நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்று. படியில் ஏறி ஓடினாள். வாசல்வரைகூடப் போக முடியவில்லை, புகை முகத்தில் அறைந்தது. தீயணைப்புக்காரர்கள் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துதான் இறக்கினார்கள்.

மருத்துவமனை நடையில், காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். சின்னவளின் வளையல், கைக்கடிகாரம், அப்புறம் அவள் மாராப்பில் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்த செருப்புகள். இரண்டு ஜோடி. ஒன்று சின்னவளுடையது. இன்னொன்றின் வார் அறுந்து நீல நூலால் தைத்திருந்தது. போன வாரம் விசிலக்காவே தைத்துக்கொண்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு செருப்புக்காக உயிரை விட்டாளாம். வாசல் பக்கத்திலேயே இருந்தவளுக்குப் புத்தி எங்கே போச்சு? பேருந்தில் பேசினார்கள், கடையில் பேசினார்கள். சின்னவளின் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ அவள் காதுபடவே சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"பெரியம்மா, எங்கம்மா முட்டாளா?"

"யாருடி சொன்னது? நாக்கை அறுத்துடுவேன்."

"அப்ப ஏன் உள்ள போனாங்க? எல்லாரும் வெளிய வரும்போது ஏன் அவங்க மட்டும் உள்ள போனாங்க? அப்ப என்னைப் பத்தி நினைக்கவே இல்லையா?"

பதில் விசிலக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. உங்கம்மா எனக்குச் செருப்பு எடுக்கப் போனா. நான்தான் அப்படிப் பழக்கினேன். அந்தப் பழக்கத்தை மறைச்சுப் பதினோரு கையெழுத்துப் போட்டேன். சொன்னால் தாயின் மேல் பிள்ளைக்கு இருக்கிற கோபம் போய்விடும். ஆனால் இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளையும் அவளை விட்டுப் போய்விடும். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிற்று.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் மேலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையே என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு மெதுவாகப் பேசினார்.

"ஒத்திகை ஒழுங்கா நடந்துச்சு, செருப்பு எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம், அந்தம்மா மீறிப் போயிட்டாங்க. இவ்வளவு சொன்னாப் போதும்மா."

"அப்ப தப்பு அவளோடதுன்னு ஆயிடுமே சார்."

"போனவங்க போயிட்டாங்க. அவங்களை யாரு என்ன செய்ய முடியும்? மாத்திச் சொன்னீங்கன்னா மாட்டறது நீங்கதான். கையெழுத்து உங்களோடது. என் பேரு எங்கயும் இல்ல." கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் இன்னும் கொடுமை. "நீங்க உள்ள போயிட்டா அந்தப் பொண்ணை யாரு பாத்துக்குவா? யோசிங்க."

அவள் யோசித்தாள். இரண்டு நாளும் வேறெதையும் யோசிக்கவில்லை. லாரியிலிருந்து புருஷன் போனில் கேட்டார், "என்ன சொல்லப் போற?" "தெரியலைங்க" என்றாள். "எது சொன்னாலும் நான் உன் பக்கம்தான்" என்றார் அவர். அந்த மனுஷன் பேசுவதே கொஞ்சம், ஆனால் அன்றைக்குப் பேசினார்.

விசாரணை ஓர் அரசு அலுவலக அறையில் நடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிறவர். சுவரோரம் போட்ட பெஞ்சில் மேலாளரும் சில தையல்காரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்த மகளும் இருந்தாள்.

அதிகாரி பதினோரு படிவங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார்.

"இது எல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கம்மா."

"பதினோரு தடவையும் ரெண்டு நிமிஷம் பத்து விநாடி. ஒரு விநாடி கூடக்குறைய இல்ல. நடந்து வந்தது மனுஷங்கதானா?"

பெஞ்சில் யாரோ லேசாகச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். விசிலக்கா மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"பொய்யிங்கம்மா" என்றாள். "முதல்ல வெச்ச ஒத்திகைக்கு ஆறே முக்கால் நிமிஷம் ஆச்சு. அதை யாரும் வாங்கிக்கல. அதுக்கப்புறம் முந்தின நாளே சொல்லி, எல்லாரையும் செருப்பு மாட்டி உக்கார வெச்சுத்தான் மணி அடிச்சோம். செருப்பு எடுக்கக் கூடாதுன்னு நான் ஒருநாளும் சொல்லல. எடுத்துட்டு வாங்கன்னுதான் பழக்கினேன். அவ பழக்கினபடி போனா."

"இறந்துபோனவங்க வாசலுக்குப் பக்கத்துலயே இருந்திருக்காங்க. ஒரு செருப்புக்காக அவ்வளவு தூரம்..."

"ஒரு ஜோடி இல்லம்மா, ரெண்டு ஜோடி. ஒண்ணு என்னோடது." "நான் வாசலை விட்டு நகர முடியாதுன்னு, ஒவ்வொரு தடவையும் எனக்கும் சேர்த்து அவதான் எடுத்துட்டு வருவா. அன்னைக்கு அவ போறதை நான் பாத்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தா திரும்பியிருப்பா. நான் கொடுக்கல. அவ முட்டாள் இல்லம்மா. அதை மட்டும் நல்லா எழுதிக்கோங்க."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாளே சொல்லிவிடச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். விசிலக்கா மேலாளரைக் கைகாட்டினாள். "அவர் சொன்னார். நான் சரின்னேன்" என்றாள்.

திரும்பிப் போகும்போது பேருந்தில் மகள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. தன் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் விசிலக்கா நினைத்தாள். துணிகளைக்கூட மடித்து எடுத்து வைத்தாள், கேட்டால் கொடுக்கலாம் என்று. அவள் போகவில்லை. ஆனால் பெரியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சோறு ஆயிடுச்சு." "தண்ணி வந்துடுச்சு." "ஆள் வந்திருக்காங்க." எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வதுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தொழிற்சாலை அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. மேலாளரையும் எடுத்துவிட்டது. வீட்டிலேயே தலையணை உறை தைத்துப் பிழைத்தாள். பழைய கூட்டாளி ஒருத்தி வந்து சொன்னாள்: இப்போது இரும்புப் படியில் ரப்பர் பதித்துவிட்டார்களாம். கூடத்துக்குள் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் துணிச் செருப்பு கொடுத்துவிட்டார்களாம். யாருக்கும் சொல்லாமல் திடீரென்று மணி அடிக்கிறதாம். "நேத்து மூணு நிமிஷம் நாப்பது ஆச்சுக்கா, அப்படியேதான் எழுதினோம்" என்றாள். விசிலக்கா கேட்டுக்கொண்டாள். அந்தப் படியில் ஒரு விரிப்புப் போட ஓர் உயிர் தேவைப்பட்டிருக்கிறது, என்னத்தைச் சொல்ல.

நாலு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் காலையில், தபாலில் விசாரணை அறிக்கை வந்தது. மகள் பேருக்குத்தான் வந்திருந்தது. விசிலக்கா தையல் இயந்திரத்தில் இருந்தாள். மகள் தபால் உறையைப் பிரித்து, நின்றபடியே படித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இயந்திரத்துக்கு எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தாள். சத்தமாகப் படித்தாள்.

"'இறந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. தமக்கு அளிக்கப்பட்ட பயிற்சியின்படியே அவர் நடந்துகொண்டார்.'"

விசிலக்கா காலை மிதியிலிருந்து எடுத்தாள். போதும், அது போதும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் மகள் நிறுத்தவில்லை. அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அடுத்த வரியையும் படித்தாள்.

"'ஒத்திகைகள் முறையாக நடைபெறவில்லை என்று தெரிந்தும் படிவங்களில் கையெழுத்திட்ட பொறுப்பாளரும், அவ்வாறு செய்யச் சொன்ன நிர்வாகமும் இந்த மரணத்துக்குக் காரணம்.'"

தாளை மடித்தாள். இன்னொரு மடிப்பும் மடித்தாள். நிமிர்ந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ரெண்டும் உண்மைதான், பெரியம்மா" என்றாள்.

சின்னவள் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மேசையில் கிடந்த தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதாள்.